சாக்பீஸ் கைமாறட்டும், தோழர்களே!

பத்தாம் வகுப்புத் தோழர்களே, தோழியரே,

பொங்கல் முடிந்துவிட்டது. அரையாண்டுக் கணக்குத் தாளும் கைக்கு வந்துவிட்டது. வகுப்பில் பாதிப் பேர் அதை நாலாய் மடித்துப் பையின் அடியில் செருகியதைப் பார்த்தேன். முதல் திருப்புதல் தேர்வு வாசலில் நிற்கிறது. அடுத்தடுத்து இன்னும் திருப்புதல்கள், மார்ச்சில் பொதுத்தேர்வு. கணக்குக்கென்று நமக்கு மிஞ்சியிருப்பவை சில வாரங்களின் மாலை நேரங்கள் மட்டுமே. இந்த மாலைகளை ஆளுக்கொரு மூலையில் கழிப்பதா, சேர்ந்து உட்கார்ந்து கழிப்பதா என்று இந்த வாரமே முடிவு செய்தாக வேண்டும். சேர்ந்து உட்காருவோம் என்று உங்களை அழைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது என்ன நடக்கிறது? டவுனுக்கு டியூஷன் போகிறவர்கள் அங்கே கொடுத்த தாளைப் பையைவிட்டு வெளியே எடுப்பதில்லை. போக முடியாதவர்கள் அதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் வாசிக்கப்படுகிறது. அதில் பெயர் வந்தவர்களுக்கு 'மினிமம் மெட்டீரியல்' என்று மெல்லிய ஒரு புத்தகம் கொடுத்துத் தனியே உட்கார வைக்கிறார்கள். சென்டம் எதிர்பார்க்கிறவர்கள் முதல் பெஞ்சில், பாஸ் ஆனால் போதும் என்று சொல்லப்பட்டவர்கள் கடைசி பெஞ்சில். நடுவில் இருக்கும் பெரும்பான்மையை யாரும் கேட்பதே இல்லை. ஒரே வகுப்பறைக்குள் மூன்று வகுப்பு நடக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பேச்சு வார்த்தை கிடையாது.

இருபடிச் சமன்பாடே வராது என்று நாம் முடிவுகட்டி வைத்திருக்கும் நண்பர்களோடு ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். காரணிப்படுத்துவது எப்படி என்று அவர்களுக்குத் தெரிகிறது. சூத்திரம்கூட மனப்பாடம். தடுக்கி விழுகிற இடம் வேறு: −3 − 5 எவ்வளவு? ஒருவன் 8 என்கிறான், ஒருத்தி −2 என்கிறாள். விடை −8. இது ஏழாம் வகுப்பிலேயே முடிந்திருக்க வேண்டிய சங்கதி. அன்றைக்கு ஏதோ காய்ச்சலில் பள்ளிக்கு வராமல் இருந்திருக்கலாம், ஆசிரியர் மாறிப்போயிருக்கலாம். அதன் பிறகு மூன்று வருஷமாக அந்த ஓட்டையை யாரும் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்பில் வந்து, "டீச்சர், கழித்தலையும் கழித்தலையும் எப்படிச் சேர்ப்பது?" என்று எழுந்து நின்று கேட்க யாருக்கு மனம் வரும்? உறவுகளும் சார்புகளும் தொடங்கி நிகழ்தகவு வரை எட்டு இயல்களை முடித்துத் திருப்புதலும் நடத்த வேண்டிய ஆசிரியருக்கு ஒவ்வொருவரின் ஏழாம் வகுப்புக்கும் திரும்பிப் போக நேரம் ஏது?

அந்தக் கேள்வியைப் பக்கத்தில் இருக்கிற நண்பனிடம் கேட்கலாம். சிரிக்காமல் பதில் சொல்லும் நண்பனாக இருந்தால் கேட்பார்கள். தோழர்களே, நம்மிடம் நான் முதலில் கேட்பது இந்த ஒன்றைத்தான்: யார் எந்தக் கேள்வி கேட்டாலும் சிரிக்கக் கூடாது. "இதுகூடத் தெரியாதா?" என்ற வார்த்தை நம் கூட்டத்தில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது.

வினாத்தாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மொத்தம் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண்ணில் 14 கேட்டு 10 எழுதச் சொல்கிறார்கள், 28-ஆம் வினா கட்டாயம். ஐந்து மதிப்பெண்ணிலும் அப்படியே 14-க்கு 10, அதில் 42-ஆம் வினா கட்டாயம். கடைசிப் பகுதி ஜாமெட்ரி ஒன்று, கிராஃப் ஒன்று, தலா 8. அந்த இரண்டோடு ஒன் மார்க் அத்தனையும் சரியாகப் போட்டால் 30 ஆகிறது. தேர்ச்சிக்கு வேண்டியது 35. மூன்றே மூன்று டூ மார்க் கணக்கு போதும், தாண்டிவிடலாம். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபமும் வருகிறது, ஏனென்றால் இவ்வளவு பக்கத்தில் இருக்கிற கரையைத் தொட முடியாமல் ஒவ்வொரு ஆண்டும் நம் அண்ணன்களும் அக்காக்களும் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். சிலர் அதையும் கட்டாமல் திருப்பூருக்கு பஸ் ஏறியிருக்கிறார்கள்.

ஜாமெட்ரியை நண்பர்கள் சேர்ந்தால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நான் நம்புவதற்குக் காரணம் உண்டு. நீங்களும் போட்ட கணக்குதான் இது: அடிப்பக்கம் 8 செ.மீ., அதற்கு எதிரே உள்ள கோணம் 60°, அந்த உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு வரும் நடுக்கோடு 5.8 செ.மீ.; முக்கோணம் வரைய வேண்டும். அடிக்கோட்டை வரைந்தாயிற்று. இடது முனையில் கீழ்நோக்கி 60° கோணத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, அதே முனையிலிருந்து மேல்நோக்கி இன்னொரு கோடு. அடிக்கோட்டின் மையக்குத்துக்கோடு இந்த இரண்டாவது கோட்டை எங்கே வெட்டுகிறதோ அது வட்டத்தின் மையம். போன வாரம் ஒரு தோழி இதை வரைந்துகொண்டிருந்தாள். செங்குத்து என்றதும் பாகைமானியை அடிக்கோட்டின் மேல் வைத்து 90° குறித்தாள். அப்படிக் குறித்தால் அந்தக் கோடும் மையக்குத்துக்கோடும் இணைகோடுகள் ஆகிவிடும். தாளின் விளிம்பு வரை நீட்டினாலும் வெட்டாது. அவளும் நீட்டிக்கொண்டே போனாள், பிறகு அழித்தாள், மறுபடி வரைந்தாள், மறுபடியும் வெட்டவில்லை. "எனக்கு ஜாமெட்ரி வராது" என்று நோட்டை மூடப் போனவளைப் பக்கத்தில் இருந்தவள் தடுத்தாள். "அடிக்கோட்டுல வைக்காதடீ, கீழ போற கோட்டுல பாகைமானிய வை." அவ்வளவுதான். கோடு சாய்ந்தது, வெட்டியது, வட்டம் வந்தது. அடிக்கோட்டின் நடுப்புள்ளியில் காம்பஸ் முள்ளை வைத்து 5.8-க்கு வில் போட்டாள், முக்கோணம் முடிந்தது. எட்டு மதிப்பெண்ணுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் இருந்தது பாகைமானி வைக்கிற இடம் ஒன்றுதான். அதை வழிகாட்டிப் புத்தகம் சொல்லாது, ஏனென்றால் சரியாக வரைந்த படம்தான் அதில் இருக்கும். தப்பு நடக்கிற அந்த நொடியில் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

அந்தத் தோழி அதோடு விடவில்லை. "அது ஏன் அந்தக் கோட்டுலதான் வைக்கணும்?" என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தவளுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இருவரும் வடிவியல் இயலைப் புரட்டி, கீழே போகும் அந்தக் கோடு வட்டத்துக்குத் தொடுகோடு என்றும், தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடையிலான கோணம் பற்றி நாம் படித்த தேற்றமே இந்த வரைதலின் அடிப்படை என்றும் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு அதிகம் கற்றுக்கொண்டது சொல்லிக்கொடுத்தவள்தான்.

முதல் பெஞ்சுத் தோழர்களே, உங்களிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. "நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தால் என் படிப்பு என்ன ஆகும்?" என்று நீங்கள் மனசுக்குள் கேட்பது எனக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் அதையே கேட்பார்கள். தேல்ஸ் தேற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி பிசகாமல் எழுதுவீர்கள். ஆனால் எதிரில் ஒருவரை உட்கார வைத்து விளக்குங்கள். "இந்தக் கோணமும் அந்தக் கோணமும் ஏன் சமம்?" என்று கேட்பார். "திடீரென்று இரண்டு பக்கமும் 1 எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார். முழுப் பக்கத்தை இரண்டு துண்டுகளாகப் பிரித்து, அதே துண்டால் வகுத்ததால் வந்த 1 அது என்று சொல்ல வாய் வராவிட்டால், உங்கள் கையில் இருப்பது மனப்பாடம். கட்டாய வினாவில் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் அது கைவிட்டுவிடும். உங்கள் படிப்பில் எங்கே பொத்தல் என்று காட்டுவதற்குக் கேள்வி கேட்கிற நண்பரைவிடச் சிறந்த ஆள் கிடையாது. கிராஃபில் அளவுத்திட்டம் எழுத மறந்ததையும், ஜாமெட்ரியில் உதவிப்படம் போடாததையும் உங்கள் தாளை மாற்றித் திருத்துகிற நண்பர்தான் முதலில் பார்ப்பார். சென்டம் அங்கேதான் நழுவுகிறது.

இப்படிச் சேர்ந்து படிப்பதன் பலன் வெளியிலும் நிரூபணமானது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970-களில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கால்குலஸ் வகுப்பில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றுக்கொண்டிருந்தார்கள்; சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகத் தேறினார்கள். உழைப்புப் போதவில்லை, வீட்டில் ஊக்கமில்லை, அடிப்படை சரியில்லை என்று பேராசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டிரைஸ்மன் மாணவர்களோடு நேரில் பழகிப் பார்த்தார். கறுப்பின மாணவர்கள் கடுமையாகத்தான் படித்தார்கள். ஆனால் தனியாகப் படித்தார்கள். சீன மாணவர்களோ தனியாகப் படித்த பிறகு மாலையில் கூடி, விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் தப்பை ஒருவர் திருத்தி, சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் பேசினார்கள். அவர் ஒரு பயிற்சிக் கூடம் தொடங்கினார். அதில் எளிய கணக்குகளைக் கொடுத்துத் தேற்றுகிற வேலையே கிடையாது. வகுப்பில் உள்ளதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாகப் போட வைத்தார். தோற்றுக்கொண்டிருந்தவர்கள் தேறினார்கள், நன்றாகவே தேறினார்கள்.

'கடினமான கணக்குகள்' என்பதை மனதில் வையுங்கள். 'மினிமம் மெட்டீரியல்' மட்டும் போதும் என்று நம் நண்பர்களைப் பார்த்து நாமும் சொல்லக் கூடாது. 35 ஒரு வாசற்படிதான். ஒன் மார்க்கும் ஜாமெட்ரியும் கைவந்த பிறகு, கூட்டுத்தொடர், உயரங்களும் தூரங்களும், திட்டவிலக்கம் என்று அதே நண்பர்கள் ஐந்து மதிப்பெண் வினாக்களில் கைவைக்க வேண்டும். உட்காரும்போது மூன்று வகுப்பையும் கலைத்துவிட்டு உட்காருவோம். நாலைந்து பேர் ஒரு குழு. ஒவ்வொன்றிலும் முதல் பெஞ்சும் இருக்க வேண்டும், கடைசி பெஞ்சும் இருக்க வேண்டும்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வாத்தியாருக்கு அடுத்தபடி சட்டாம்பிள்ளை இருந்தான். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு மணலில் விரல் பிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்தான். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லத்தை 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதை இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பார்த்தார். தன் இல்லத்து ஆசிரியர்கள் அந்த முறைக்கு ஒத்துவராததால், எட்டு வயதுப் பையன் ஒருவனையே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அது பலித்தது. 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் பரவியது.

ஆனால் அந்தத் திண்ணைகளில் பெண் பிள்ளைகளைப் பார்ப்பது அரிது. சேரிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. அதனால்தான் நாம் எங்கே உட்காருவது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். யார் வீட்டுத் திண்ணையிலும் வேண்டாம். ஒரு தெருவில் உட்கார்ந்தால் இன்னொரு தெருவிலிருந்து வரத் தயங்குவார்கள், அல்லது வர விடமாட்டார்கள். பள்ளி வராந்தா எல்லோருக்கும் பொது. தலைமையாசிரியரிடம் கேட்டாயிற்று, ஐந்தரை வரை இருக்கலாம் என்று அனுமதி தந்திருக்கிறார். தோழிகள் ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். வீட்டில் சம்மதிக்காவிட்டால் சொல்லுங்கள், கணக்கு டீச்சரே வந்து உங்கள் அம்மாவிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அறுவடைக்கோ, சனி ஞாயிறு கேட்டரிங் வேலைக்கோ போகிறவர்கள் வர முடிகிற நாளில் வந்தால் போதும். விட்டுப்போனதை அவர்கள் குழு மறுநாள் மதிய இடைவேளையில் சொல்லித்தர வேண்டும். அது குழுவின் கடமை, தயவு தாட்சண்யம் கிடையாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தேர்வு அறைக்குள் விடைத்தாளைத் திருப்பிக் காட்டுவது உதவி ஆகாது. அதற்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை. நம் வேலை அறைக்கு வெளியே, அதற்கு முன்பு.

வரும்போது தெரிந்த கணக்கைக் கொண்டுவர வேண்டாம். தெரியாத ஒரு கணக்கோடு வாருங்கள், முதல் பெஞ்சுக்காரர்களும்தான். புரியாதவர் கையில்தான் சாக்பீஸ் இருக்க வேண்டும். தெரிந்தவர் பக்கத்தில் நின்று வாயால் மட்டும் சொல்ல வேண்டும், பிடுங்கி எழுதிவிடக் கூடாது. பிடுங்கினால் கணக்கு முடியும், நண்பன் கற்றுக்கொள்ள மாட்டான். டியூஷன் தாள் வைத்திருப்பவர்கள் அதை வெளியே எடுங்கள், நூலகம் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளலாம். பணம் பங்கு போடுவோம், இல்லாதவர்கள் தர வேண்டாம்.

திங்கட்கிழமை கடைசி மணி அடித்ததும் பத்தாம் வகுப்பு வராந்தா. முதல் வாரம் முழுக்க ஜாமெட்ரி: வடிவொத்த முக்கோணம், நடுக்கோடு, குத்துயரம், தொடுகோடு. ரூல் போடாத நோட்டு, சீவிய பென்சில், அழிப்பான் எடுத்து வாருங்கள். காம்பஸ் இல்லாதவர்களும் வாருங்கள், என்னிடம் இரண்டு இருக்கின்றன. அரையாண்டுத் தாளைப் பையின் அடியில் செருகியவர்களை உங்கள் தெருவில் இன்றே போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். திங்கட்கிழமை வரும்போது கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்.