"ஃபார்மேட்" என்ற சொல்லுக்கு முன்

கணினியைத் திறக்கிறீர்கள். கடவுச்சொல்லை ஏற்றுக்கொள்கிறது. ஆனால், திரையில் உங்கள் பிள்ளைகளின் படம் இல்லை. இருந்த கோப்புகள் ஒன்றையும் காணோம். மூலையில், தற்காலிகக் கணக்கில் நுழைந்திருப்பதாகச் சிறு அறிவிப்பு மட்டும் தெரிகிறது. பலரும் உடனே கடைக்குத்தான் ஓடுகிறோம். அங்கே கிடைக்கும் பதில்: "ஃபார்மேட் பண்ணணும்."

சென்ற ஆண்டு என் படிவம் ஐந்து மாணவி ஒருத்தியின் வீட்டில் இதுதான் நடந்தது. மாலை இடிமழையில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மறுநாள் கணினி இந்தக் கோலத்தில் நின்றது. அப்பா கடையில் கொடுத்து, 100 ரிங்கிட் கட்டி, புதிதுபோல் ஓடும் கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாணவியின் இடுபணியும், காலமான பாட்டியின் படங்களும் அதில் இல்லை. இடுபணியை மீண்டும் எழுதிவிட்டாள். "படத்துக்கு என்ன சார் செய்யறது?" என்று கேட்டாள். முதல்நாளே கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்கும்.

விண்டோஸ் கணினியில் ஒவ்வொரு பயனருக்கும் சி டிரைவில், 'யூசர்ஸ்' என்ற கோப்புறைக்குள் ஒரு தனி இடம் உண்டு. ஆவணங்களும் படங்களும் வழக்கமாக அங்கேதான் இருக்கும். கூடவே, 'என்டியூசர்.டேட்' என்ற மறைந்த கோப்பும் இருக்கும். உங்கள் கணக்கின் அமைப்புகள் அதில் பதிவாகியிருக்கின்றன. எழுதப்படும் நேரத்தில் மின்சாரம் போனாலோ, வன்வட்டு பழுதானாலோ அது சிதையலாம். அதைப் படிக்க முடியாதபோது விண்டோஸ் ஒரு வெற்றுக் கணக்கைக் கொடுத்துச் சமாளிக்கிறது. வகுப்பில் வருகைப் பதிவேடு கிழிந்துவிட்டது, அவ்வளவுதான். மாணவர்கள் அவரவர் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்காக வகுப்பறையை இடிப்பதா?

அந்தத் தற்காலிகக் கணக்கில் எதையும் சேமிக்காதீர்கள், வெளியேறியதும் அழிந்துவிடும். முதலில் கணினியை ஓரிரு முறை மறுதொடக்கம் செய்து பாருங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள் அந்தக் கோப்பைப் பிடித்து வைத்திருந்ததுதான் காரணம் என்றால், இதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால், 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் உங்கள் பெயரைத் தேடுங்கள். பெரும்பாலும் எல்லாம் அங்கேயே இருக்கும். வெளி வன்வட்டில் நகல் எடுங்கள். பிறகு நிர்வாகி உரிமையுடன் புதிய கணக்கு ஒன்றைத் திறந்து, ஆவணங்களையும் படங்களையும் அதற்கு மாற்றுங்கள். கோப்புறையை அப்படியே தூக்கி வைக்கக்கூடாது. 'என்டியூசர்' என்று தொடங்கும் கோப்புகளும் போனால் பழுதும் கூடவே குடிபோகும். பழைய கணக்கை அவசரப்பட்டு நீக்காதீர்கள். நீக்கினால் அதிலுள்ள கோப்புகளும் போய்விடும். ரெஜிஸ்ட்ரியைத் திருத்தச் சொல்லும் காணொளிகள் பல உண்டு. அந்த வழியும் பலிக்கக்கூடியதே, ஆனால் நகல் எடுக்கும்வரை அதைத் தொடவேண்டாம். வன்வட்டு 'டக் டக்' என்று ஒலித்தால் இது வேறு நோய். கணினியை அணைத்துவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஃபார்மேட் செய்தால் வேலை எப்போது முடியும் என்று அவருக்குத் தெரியும். பழுதைத் தேடினால் தெரியாது. ஆனாலும், "உள்ளே வேண்டியது ஏதும் இருக்கிறதா?" என்று அவர் கேட்டே ஆகவேண்டும். "கோப்புகள்தான் முக்கியம், கணினி அப்புறம்" என்று நாமும் சொல்லவேண்டும். இதில் ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. என் மாணவர்கள் அழகழகாகப் படைப்புகள் தயாரிக்கிறார்கள். கோப்பை எங்கே சேமித்தாய் என்று கேட்டால், "வேர்டில் சார்" என்கிறார்கள்!

இன்றிரவு உங்கள் வீட்டுக் கணினியில் நிர்வாகி உரிமையுள்ள இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்து வையுங்கள். முதல் கணக்கு சிதைந்தால், உள்ளே நுழைய அதுதான் பின்வாசல். படங்களின் நகல் ஒன்று கணினிக்கு வெளியே இருக்கட்டும்.

அந்த மாணவி இப்போது சித்தியிடமும் மாமாவிடமும் கேட்டு, அவர்கள் கைப்பேசியில் இருக்கும் பாட்டியின் படங்களைச் சேகரித்து வருகிறாள். இதுவரை 11 கிடைத்திருக்கின்றன.