பார்மட் மருந்தல்ல, முதல் பிழை வரியைப் படியுங்கள்

லினக்ஸில் ஒரு டிரைவரை கம்பைல் செய்திடும்போது திரை முழுக்க ஆங்கில வரிகள் ஓடும். கடைசியில் 'எர்ரர் 2' என்று வந்து நின்றுவிடும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் அப்போது எடுக்கும் முடிவு ஒன்றுதான். "சிஸ்டம் கெட்டுவிட்டது, பார்மட் செய்துவிடலாம்." கடைக்காரரும் அதையேதான் சொல்வார்.

இது தவறான மருந்து என்பது என் கருத்து. அந்த வரிகள் உங்கள் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதாகச் சொல்லவில்லை. ஏதோ ஒன்று இன்னொன்றோடு பொருந்தவில்லை என்று மட்டுமே சொல்கின்றன. எது எதோடு பொருந்தவில்லை என்பதும் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. நாம்தான் அதைப் படிப்பதில்லை.

இப்போது இதைப் பேச ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை நல்ல மாற்று வழி. பெரும்பாலான சாதனங்கள் செருகியவுடனே வேலை செய்துவிடும். அடிக்கடி மல்லுக்கு நிற்பது யுஎஸ்பி வை-பை அடாப்டர். எனவே அதையே உதாரணமாக எடுத்துக் கொள்வோம்.

கெர்னல் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. ஹார்ட்வேருடன் பேசுவது அதுதான். தேவைப்படும்போது கெர்னலுடன் சேர்த்துக் கொள்ளவும், வேண்டாதபோது கழற்றிவிடவும் கூடிய துண்டுதான் மாட்யூல். லினக்ஸில் டிரைவர்கள் பெரும்பாலும் மாட்யூல்களாகவே இருக்கின்றன. கெர்னலுடன் சேர்ந்தே வரும் டிரைவர்களுக்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வெளியிலிருந்து சோர்ஸ் கோடாகக் கிடைக்கும் டிரைவரை உங்கள் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்திட வேண்டும். தொல்லை எல்லாம் இந்த இரண்டாவது வகையில்தான்.

லினக்ஸ் கெர்னலின் புதிய பதிப்பு இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது. நாம் பயன்படுத்தும் புரோகிராம்கள் பழையபடியே இயங்க வேண்டும் என்பதில் அதை உருவாக்குபவர்கள் கண்டிப்பானவர்கள். ஆனால் கெர்னலின் உட்புறத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக் கொண்டே இருப்பார்கள். 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பில் 'இனிட் டைமர்' என்ற பழைய பங்ஷன் நீக்கப்பட்டு, 'டைமர் செட்அப்' முழுமையாக அதன் இடத்திற்கு வந்தது. 2019 மார்ச்சில் வந்த 5.0 பதிப்பில், மூன்று விவரங்களைக் கேட்டு வந்த 'ஆக்சஸ் ஓகே' இரண்டு போதும் என்று மாறியது. கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களையும் அவர்களே அப்போதே திருத்திவிட்டார்கள். வெளியே இருந்த டிரைவர்களைத் திருத்த யாரும் இல்லை. முந்தைய நாள் வரை சரியாக கம்பைல் ஆன டிரைவர்கள் அன்றிலிருந்து மறுத்தன.

கெர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் வெளி மாட்யூல்களைத் தானாகவே மீண்டும் கம்பைல் செய்திட 'டிகேஎம்எஸ்' என்ற ஏற்பாடு உண்டு. டெல் நிறுவனத்தின் லினக்ஸ் குழுவினர் உருவாக்கியது. நல்ல வசதிதான். ஆனால் வேலை திரைக்குப் பின்னால் நடப்பதால், அது தோற்றாலும் நமக்குத் தெரிவதில்லை. "நேற்று வேலை செய்த வை-பை இன்று இல்லை" என்பது மட்டுமே தெரியும்.

2024 ஜனவரியில் இப்படித்தான் நடந்தது. உபுண்டு 22.04 பயன்படுத்தியவர்களுக்கு அப்டேட் மூலம் கெர்னல் 6.5 வந்தது. அந்தக் கெர்னல் ஜிசிசி என்ற கம்பைலரின் 12ஆம் பதிப்பில் தயாரானது. உபுண்டு 22.04ல் வழக்கமாக இருப்பதோ 11ஆம் பதிப்பு. விளைவு, வெளி மாட்யூல்கள் பலருக்கும் கம்பைல் ஆகவில்லை.

எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் வை-பை அடாப்டரும் அந்த வாரம் நின்றுபோனது. கம்ப்யூட்டரை அருகிலிருந்த கடைக்கு எடுத்துச் சென்றார். "லினக்ஸ் என்றாலே இப்படித்தான் சார்" என்று சொல்லி பார்மட் செய்து, பழைய பென் டிரைவிலிருந்து அதே 22.04ஐப் போட்டு, டிரைவரையும் ஏற்றிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் ஓடியது. அப்டேட் வந்தது, அதே 6.5, அதே பிழை. இதற்குள் மகள் திருமணத்தின் போட்டோக்கள் இருந்த போல்டர் போயிருந்தது. வேறு பிரதி இல்லை. பின்னர் நான் அந்த லாக் பைலைத் திறந்து பார்த்தபோது பிழை வரி ஒன்றுதான் இருந்தது: 'ஜிசிசி-12: நாட் பவுண்ட்'. அதாவது, ஜிசிசி-12 இல்லை. அந்த ஒரு பேக்கேஜை இன்ஸ்டால் செய்தவுடன் வை-பை வந்துவிட்டது. போட்டோக்கள் வரவில்லை.

நான் சாப்ட்வேர் துறையில் வேலை செய்கிறேன். கம்பைல் பிழை வராத நாளே அங்கு கிடையாது. அதற்காக யாரும் ஆபீஸ் கம்ப்யூட்டரை பார்மட் செய்வதில்லை. காரணம், பெரிய அறிவு ஒன்றும் இல்லை. பிழையை எங்கே படிக்க வேண்டும் என்ற பழக்கம்தான். கடைசி வரியில் வரும் 'எர்ரர் 2' வெறும் மணி ஓசை. வேலை நின்றுவிட்டது என்பதைத் தவிர அதில் செய்தி இல்லை. மேலே நகர்த்திச் சென்று, 'எர்ரர்' அல்லது 'நாட் பவுண்ட்' என்று முதன்முதலில் வரும் வரியைத் தேடுங்கள். அதற்குக் கீழே வரும் ஐம்பது பிழைகளும் பெரும்பாலும் அதன் பிள்ளைகள்தான். டிகேஎம்எஸ் தோற்றிருந்தால் இந்த வரிகள் 'மேக்.லாக்' என்ற பைலில் பதிவாகியிருக்கும்.

வீட்டுப் பயனாளர் சந்திக்கும் முதல் வரிகள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும்.

1. 'நோ சச் பைல் ஆர் டைரக்டரி' என்று வந்து, அதில் 'பில்ட்' என்ற போல்டரின் பெயரும் இருந்தால், கெர்னல் ஹெடர் பைல்கள் இல்லை என்று பொருள். டெர்மினலில் யுநேம், ஓர் இடைவெளி, ஹைபன், ஆர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் நீங்கள் இயக்கும் கெர்னலின் எண் கிடைக்கும். அதே எண் கொண்ட லினக்ஸ்-ஹெடர்ஸ் பேக்கேஜை இன்ஸ்டால் செய்திடவும். எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் பயனில்லை.

2. ஜிசிசி இல்லை என்றோ, ஜிசிசிக்கு ஓர் ஆப்ஷன் தெரியவில்லை என்றோ வந்தால் கம்பைலர் பொருந்தவில்லை. கேட்கும் பதிப்பைக் கொடுங்கள்.

3. 'இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்' என்றோ, மூன்று விவரம் தந்தாய், இரண்டுதான் வேண்டும் என்ற பொருளிலோ வந்தால் டிரைவரின் சோர்ஸ் கோடு உங்கள் கெர்னலைவிடப் பழையது. அதே டிரைவரின் புதிய பதிப்பைத் தேடுங்கள். பழையதை எத்தனை முறை கம்பைல் செய்தாலும் இதே பதில்தான் வரும்.

4. கம்பைல் ஆகிவிட்டது, ஆனால் ஏற்றும்போது 'கீ வாஸ் ரிஜெக்டட்' என்று வந்தால், இது செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதியின் வேலை. கையொப்பம் இல்லாத மாட்யூலை அது அனுமதிக்காது. உபுண்டுவில் இன்ஸ்டால் செய்திடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டிருக்கும். ரீபூட் ஆனவுடன் வரும் நீலத் திரையில் 'என்ரோல் மாக்' என்பதைத் தேர்ந்தெடுத்து அந்த பாஸ்வேர்டைத் தர வேண்டும். அந்தத் திரை சில விநாடிகளே காத்திருக்கும்.

இந்த நான்கில் எதற்கும் பார்மட் தீர்வல்ல என்பதைக் கவனியுங்கள்.

"வை-பை போனால் இன்டர்நெட் இல்லை, பேக்கேஜை எப்படி டவுண்லோட் செய்வது?" என்று கேட்பீர்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களை யுஎஸ்பி கேபிள் மூலம் இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் தனி டிரைவர் இல்லாமலே இன்டர்நெட் கிடைக்கும். இன்னொரு வழியும் உண்டு. உபுண்டு தொடங்கும்போது வரும் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். நேற்று ஓடிய வை-பை அதில் ஓடும். புதிய கெர்னல் வந்தாலும் முந்தையது ஹார்ட் டிஸ்க்கிலேயே இருப்பதால் இது முடிகிறது. அப்டேட்டுக்குப் பின் வந்த பிழைக்கு பார்மட் செய்பவர்கள் இந்த வசதியையும் சேர்த்தே அழிக்கிறார்கள்.

"விண்டோஸில் டபுள் கிளிக் செய்தால் முடிந்தது. வீட்டில் இருப்பவர் ஏன் இதையெல்லாம் செய்ய வேண்டும்?" இந்தக் கேள்வி நியாயமானது. செய்யக் கூடாது என்பதே என் பதில். டிரைவர் கம்பைல் செய்வது வீட்டுப் பயனாளரின் வேலையே அல்ல. தயாரிப்பாளர் தன் டிரைவரைக் கெர்னலுக்குள் சேர்க்கும் வேலையைச் செய்யாமல், ஒரு ஜிப் பைலில் சோர்ஸ் கோடைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அட்டைப் பெட்டியில் 'லினக்ஸ் சப்போர்ட்' என்று அச்சிடும்போது, அவருடைய வேலை நம் தலையில் விழுகிறது. அந்த ஜிப் பைல் அன்றைய கெர்னலுக்குத்தான் உத்தரவாதம். அடுத்த ஆண்டின் கெர்னலுக்கு அல்ல.

டிரைவர் கெர்னலுக்குள் வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். ரியல்டெக்கின் 8822பியு, 8821சியு போன்ற யுஎஸ்பி வை-பை சிப்களுக்கு வெளியிலிருந்து கம்பைல் செய்வதே முன்பு வழி. 2023 பிப்ரவரியில் வந்த கெர்னல் 6.2ல் இவற்றுக்கான டிரைவர் உள்ளேயே சேர்ந்துவிட்டது. 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04ல் அப்போது இருந்தது 6.8. இன்றும் பலர் பழைய குறிப்பு ஒன்றைப் பார்த்து, தேவையில்லாமல் வெளி டிரைவரை கம்பைல் செய்து தோற்கிறார்கள். எனவே கம்பைலுக்குக் கை வைக்கும் முன் எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையைக் கொடுத்து, சாதனத்தின் அடையாள எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணுக்கு உங்கள் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வேலை முடிந்தது.

அடுத்து வை-பை அடாப்டர் வாங்கப் போகும்போது, "லினக்ஸில் வேலை செய்யுமா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாக் கடையிலும் "செய்யும்" என்றே பதில் வரும். "உள்ளே என்ன சிப்?" என்று கேளுங்கள். ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு சிப்கள் வருவதுண்டு என்பதால், பெட்டியில் இருக்கும் வெர்ஷன் எண்ணையும் பாருங்கள். சிப் தெரியாது என்று சொன்னால் ஐம்பது ரூபாய் குறைவு என்பதற்காக வாங்காதீர்கள். யாராவது பார்மட் செய்யலாம் என்றால், முதல் பிழை வரி என்ன என்று அவரைக் கேளுங்கள். அதைச் சொல்ல முடியாதவரிடம் உங்கள் ஹார்ட் டிஸ்க்கை ஒப்படைக்க வேண்டாம்.