அத்தா விளையாடியது பாவமா?

எம் மக்தப் மத்ரஸாவில் ஓதும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி சென்ற வாரம் பாடம் முடிந்த பின்னும் எழாமல் அமர்ந்திருந்தாள். "ஹஜ்ரத், அத்தா விளையாடப் போனது பாவமா?" என்று கேட்டாள். அவளுடைய தந்தை மவுத்தாகி இருபது நாட்களே ஆகியிருந்தன. துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், "நல்ல மனிதர்தான், ஆனால் விளையாட்டும் சிரிப்புமாகவே காலத்தைக் கழித்துவிட்டார்" என்று சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது.

அந்த 'ஆனால்' என்ற சொல்லைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

மர்ஹூம் அவர்கள் கைலி விற்பனைப் பிரதிநிதி. மாதிரிக் கட்டைச் சுமந்து பேருந்தேறி, ஊர் ஊராகக் கடைகளில் ஆர்டர் எடுப்பவர். வெள்ளியன்று ஜும்ஆவுக்கு ஊர் திரும்பிவிடுவார். அஸருக்குப் பின் பொட்டலில் சிறுவர்களுடன் கால்பந்து. இரவில் வீட்டில் கேரம். மூன்று பெண்மக்களிடமும் வேண்டுமென்றே தோற்றுவிட்டு, அதற்குத் தண்டனையாக அவரே அனைவருக்கும் தேநீர் போடுவார். இதைக் கேட்டு ஏளனமாகச் சிரித்தவர்களில் நாமும் உண்டு.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. முதல் முறை அன்னையார் முந்தினார்கள். பின்னொரு முறை நபியவர்கள் முந்தி, முன்னதற்கு இது ஈடு என்றார்கள். அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிட்டபோது நபியவர்கள் ஓர் அணியில் சேர, மறு அணியினர் கையை நிறுத்திக்கொண்டனர். தாம் அனைவருடனும் இருப்பதாகக் கூறி அவர்களைத் தொடரச் செய்தார்கள் என்பது புகாரியில் உள்ளது. இவற்றை ஆண்டுதோறும் பாடமாக நடத்தும் நாமே, பொட்டலில் நின்ற ஒரு தந்தையைக் குறைத்து மதித்தோம்.

தொழுகையை விழுங்கும் விளையாட்டை நாம் ஆதரிக்கவில்லை. ஒருநாள் மாணவர்கள் மஃரிபுக்குத் தாமதமாக வந்தபோது அவரிடம் கடுமையாகவே பேசினோம். அவர் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் முதல், பாங்குக்குப் பதினைந்து நிமிடங்களுக்கு முன்பே விசில் ஊதினார். தம் அணி தோற்றுக்கொண்டிருந்தாலும் ஊதினார். பிள்ளைகளை ஒளுச் செய்ய ஹவுளுக்கு அனுப்பிய பிறகே பந்தை எடுத்துக்கொண்டு வருவார். எம் அறிவுரையைவிட அந்த விசில்தான் ஸஃப்பை நிரப்பியது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம்.

வியாபாரத்திலும் அப்படியே. ஜனாஸாவுக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு கடைக்காரர் கபுரஸ்தானில் எம்மிடம் சொன்னார்: "இந்த லாட்டில் சாயம் போகும் பாய், வாங்காதீர்கள் என்று அவரே சொன்னார், ஹஜ்ரத். ஆர்டரும் போயிற்று, அவருடைய கமிஷனும் போயிற்று." குவியலின் அடியில் நனைந்த தானியத்தை மறைத்து வைத்தவரை நபியவர்கள் கண்டித்த ஹதீஸ் நமக்கு மனப்பாடம். கூஃபாவில் துணி வணிகம் செய்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், குறையைச் சொல்லாமல் கூட்டாளி விற்றுவிட்ட துணியின் விலையைத் தர்மம் செய்துவிட்டதாக வரலாறு கூறும். மனப்பாடம் செய்வது எளிது. மாதக் கடைசியில், மூன்று பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நிற்கும்போது, கமிஷனை விடுவது எளிதன்று.

அச்சிறுமியிடம், "இல்லையம்மா, பாவமில்லை, உங்கள் அத்தா எங்களுக்கும் பாடம் நடத்தியவர்" என்றோம். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விசில் வீட்டில்தான் இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். வெள்ளிதோறும் அஸருக்குப் பின் பொட்டலில் நாமே நிற்பதாக ஜமாஅத் தலைவரிடமும் தெரிவித்துவிட்டோம். பந்தாட எமக்குத் தெரியாது, நேரம் பார்க்கத் தெரியும்.

இன்னொன்று. அவர் சிறு கடைக்காரர் பலருக்குத் தம் பொறுப்பில் சரக்குக் கடன் வாங்கித் தந்திருக்கிறார். அவருடைய குறிப்பேடு குடும்பத்தாரிடம் உள்ளது. பாக்கி வைத்திருப்போர், அவருடைய மனைவி இத்தாவில் இருப்பதால், அவருடைய மூத்த சகோதரரிடமோ எம்மிடமோ வந்து கணக்கை முடித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.