மோட்டாருக்கு 10 வருஷ வாரன்ட்டி... போர்டுக்கு யார் கேரன்ட்டி?

"போர்டு போயிடுச்சு மேடம். இதுக்குச் செலவு பண்றதுக்கு, இன்னும் கொஞ்சம் போட்டுப் புது மெஷினே வாங்கிடலாம்!"

உங்கள் வாஷிங் மெஷினுக்கு ஐந்தாறு வயதாகிவிட்டதா? அப்படியென்றால் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள், இல்லையென்றால் சீக்கிரமே கேட்பீர்கள். மெக்கானிக்கைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பல நேரங்களில் அவர் சொல்லும் கணக்கு சரிதான். அந்தக் கணக்கு ஏன் இப்படி ஆனது என்பதுதான் கேள்வி.

மெஷினின் முகப்பில் பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்களே, 'மோட்டாருக்கு 10 ஆண்டு வாரன்ட்டி' என்று? அது பொய் இல்லை. ஆனால், இன்றைய மெஷின்களில் சீக்கிரத்தில் கெடாத பாகங்களில் ஒன்று மோட்டார். மக்கர் பண்ணுவது போர்டு, தண்ணீரை வெளியேற்றும் பம்ப், தண்ணீர் உள்ளே வரும் வால்வு, டிரம்மின் பேரிங் போன்றவைதான். முழு மெஷினுக்கான வாரன்ட்டி பெரும்பாலும் இரண்டே வருடம். மூன்றாவது வருடம் போர்டு போனால், ஸ்டிக்கரைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான்.

பேரிங் கதை இன்னும் மோசம். முன்பெல்லாம் டப்பை ஸ்க்ரூ கழற்றிப் பிரித்து, பேரிங்கை மட்டும் மாற்றுவார்கள். இப்போது பல ஃப்ரன்ட் லோடு மாடல்களில் பிளாஸ்டிக் டப்பின் இரண்டு பாதிகளையும் பிரிக்கவே முடியாதபடி ஒட்டிவிடுகிறார்கள். சின்ன பேரிங்குக்காக மொத்த டப்பையும் மாற்ற வேண்டும். போர்டிலும் இதே கதைதான். ஈரம் புகாமல் இருக்க அதன் மேல் பசை மாதிரி ஒன்றை ஊற்றி மூடியிருப்பார்கள். பாதுகாப்புக்கு நல்லது, ரிப்பேருக்குத் தலைவலி.

ஐரோப்பிய யூனியனில், ஒரு வாஷிங் மெஷின் மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 10 வருடங்களுக்கு முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும் என்ற விதி 2021-லிருந்து இருக்கிறது. பிரான்ஸில் ஃப்ரன்ட் லோடு மெஷின்களுக்கு, எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று பத்துக்கு மார்க் போட்டு, கடையிலேயே காட்டச் சொன்னார்கள். நம் ஊரில்? 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' குழு அமைத்தது. அதே டிசம்பரில் இணையதளமும் வந்தது. வீட்டு உபயோகப் பொருள்களும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால், இத்தனை வருடம் ஸ்பேர் கொடுத்தே ஆக வேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இல்லை. இணையதளத்தில் போய் சர்வீஸ் சென்டர் முகவரி பார்க்கலாம், சரி. அந்த சென்டரில் 'ஸ்டாக் இல்ல சார்' என்றால்?

சட்டம் வரும்வரை மெஷினை நாம்தான் காப்பாற்ற வேண்டும். 'தண்ணியே ஏற மாட்டேங்குது' என்று சர்வீஸுக்கு போன் போடும் முன், குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கம் ஹோஸ் சேரும் இடத்தில் இருக்கும் குட்டி வலையைக் கழற்றிப் பாருங்கள். போர்வெல் தண்ணீரென்றால் மணலும் துருவும் அடைத்திருக்கும். பழைய டூத் பிரஷ் போதும். தண்ணீர் வெளியேறவில்லையா? ஃப்ரன்ட் லோடில் முன்பக்கம் கீழே சின்ன மூடிக்குள் ஃபில்டர் இருக்கும். ஒரு தட்டை வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள். சேஃப்டி பின், சில்லறை, குழந்தையின் சாக்ஸ் என்று எது வேண்டுமானாலும் வரும். சூடான தண்ணீரில் துவைத்திருந்தால், ஆறிய பிறகு திறங்கள்.

உப்புத் தண்ணீர் ஊர்களில் ஹீட்டரில் வெள்ளையாகப் படிந்துவிடும். அதற்கென்று விற்கும் டீஸ்கேலிங் பவுடரை, துணி போடாமல் சூடான வாஷில் ஓடவிடுங்கள். பாத்ரூம் ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம், ரப்பரையும் உலோகத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். சோப்புத்தூளை அள்ளிப் போட்டால் அழுக்கு போகாது, நுரைதான் தங்கி நாற்றமடிக்கும். துவைத்து முடித்ததும் கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். மழைக்காலத்தில் இது ரொம்பவே முக்கியம்.

அப்புறம், எலி! சிரிக்காதீர்கள். அடிப்பக்கம் திறந்திருக்கும் மெஷின்களில் எலி புகுந்து வயரைக் கடித்தால், பல கம்பெனிகளின் வாரன்ட்டியில் அது வராது. அடியில் வலைத்தகடு இருக்கிறதா என்று இன்றே குனிந்து பார்த்துவிடுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறீர்களா? எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்பதற்கு முன், போர்டு விலை என்ன, பேரிங் தனியாக மாற்ற முடியுமா, ஸ்பேர் எத்தனை வருஷம் கிடைக்கும் என்று கேளுங்கள். வாய்வார்த்தையாக வேண்டாம், பில்லிலோ இமெயிலிலோ வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு சர்வீஸில் இழுத்தடித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்தக் காகிதம்தான். பாகம் மாற்றினால் பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். 'எதுக்கு சார்?' என்பார்கள். கேளுங்கள்.