வீடற்றவரிடம் "வீட்டில் இரு" என்பதா?

2020 மார்ச் 25. கொரோனாவுக்காக நாடே பூட்டப்பட்டது. "வீட்டுக்குள் இருங்கள்" என்றது அரசு. புதுச்சேரியில் கடை வாசலிலும் பேருந்து நிலையத்திலும் படுத்துறங்கியவர் எங்கே போவார்?

சோற்றுப் பொட்டலம் கொடுத்தோம், நல்லது. ஆனால் பொட்டலம் ஒரு வேளைப் பசியைத்தான் தீர்க்கும். நோய்க்காலத்தில் கை கழுவக் குழாய் வேண்டும். காய்ச்சல் கண்டவருக்குத் தனி அறை வேண்டும். ஒரே கூடத்தில் நெருக்கி அடைத்தால் காப்பகமே நோய் பரப்பும் இடமாகிவிடும்!

இது பிச்சையல்ல, உரிமை! ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று வீதம், 100 பேராவது தங்கும் நிரந்தரக் காப்பகம். ஒருவருக்கு 50 சதுர அடி இடம். 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதி இது. 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 2.4 லட்சம். இரண்டு காப்பகங்களாவது வேண்டாமா?

வணிகப் பெருமக்களே! கடை வாசலில் படுப்பவரை விரட்டாதீர்கள், காப்பகத்துக்கு வழிகாட்டுங்கள். இளைஞர்களே! கொரோனாவில் இறந்தவர்களைத் தொடப் பலரும் அஞ்சியபோது அடக்கம் செய்த கைகள் உங்களுடையவை. அதே கைகளால் நகராட்சிக்கு மனு எழுதுங்கள்: எத்தனை காப்பகம்? எத்தனை படுக்கை? எத்தனை கழிப்பறை?

அடுத்த நோய் நாள் குறித்துச் சொல்லிவிட்டு வராது. சிந்திப்பீர்!