பயம் போன பிறகா?



சென்ற மாதம் ஒரு மாலை, ஜெபமாலை முடிந்து நாம் கோயிலை விட்டு வெளியே வருகையில், ஒரு தாய் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பத்தாம் வகுப்புத் தேர்வில் கணிதத்தில் இருமுறை தவறியவன் அவன். மீண்டும் எழுதப் பணம் கட்டவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. அவனோ வேண்டாம் என்கிறான். “சாமி, இவனுக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்” என்றார் தாய். மகன் தலை நிமிராமலே, “எனக்குக் கணக்கு வராது சாமி. பயம் போன பிறகு எழுதுகிறேன்” என்றான்.

பயம் போன பிறகு! இச்சொல் அச்சிறுவனுடையது மட்டும் அன்று. பிரிந்த உடன்பிறந்தானின் வாசற்படி ஏற நினைத்து ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுபவரும், நெடுநாள் விட்டுப்போன பாவசங்கீர்த்தனத்திற்கு நாளை நாளை என்பவரும் சொல்வது இதையேதான். தண்ணீரில் இறங்காமல் நீந்தக் கற்றவர் எவர்?

நாம் அச்சிறுவனுக்குப் புத்தி சொல்லவில்லை. ஒரு கதை சொன்னோம். பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அருகே ஓர் உழவர் குடும்பத்தில் 1786-ல் பிறந்தவர் ஜான் மரிய வியான்னி. ஏறத்தாழ இருபது வயதில், தம்மினும் மிக இளைய சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் கற்கத் தொடங்கினார். கற்றது நிற்கவில்லை. குருமடத் தேர்விலும் தவறினார். அவருக்குக் கற்பித்த பங்குக் குரு கைவிடாமல் பரிந்து பேசியதால், 1815-ல் குருப்பட்டம் பெற்றார். 1818-ல் அவருக்குக் கிடைத்த பங்கு ஆர்ஸ். இருநூற்று முப்பது பேர் மட்டுமே வாழ்ந்த சிற்றூர். அங்கும் தொடக்க நாட்களில் பிரசங்கம் மறந்துபோய், மேடையிலிருந்து பாதியில் இறங்கியதுண்டு.

அவர் செய்தது என்ன? விடியுமுன் எழுந்து கோயிலில் முழந்தாளிட்டார். நண்பகலில் வீடு வீடாகச் சென்று, விளைச்சலையும் பிள்ளைகளையும் பற்றி விசாரித்தார். மறுநாளும் அதையே செய்தார். பிற்காலத்தில் நாடெங்கும் இருந்து மக்கள் அவரைத் தேடி வந்தனர். நாளில் பதினாறு மணி நேரம் வரை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருந்தார்.

அப்போதாவது அவருடைய தயக்கம் தீர்ந்ததா? இல்லை. இப்பொறுப்புக்குத் தாம் தகுதியற்றவர் என்றஞ்சி, 1843-லும் 1853-லும் ஆர்ஸை விட்டே போய்விட முயன்றார். ஆயினும் திரும்பி வந்து அமர்ந்தார். 1859-ல் அங்கேயே இறந்தார். 1929-ல் திருச்சபை அவரைப் பங்குக் குருக்களின் பாதுகாவலராக அறிவித்தது. பயம் போனபின் அவர் நடக்கவில்லை. பயத்தையும் உடன் அழைத்துக்கொண்டே நடந்தார்.

தாழ்ச்சி வேறு, தயக்கம் வேறு. “என்னால் மட்டும் ஆகாது” என்று சொல்லி இறைவனின் கையைப் பற்றுவது தாழ்ச்சி. “என்னால் ஆகாது” என்று சொல்லித் தன் கையை மடக்கிக்கொள்வது தயக்கம். மோயீசனும் தமக்குப் பேச வராது என்றுதான் பின்வாங்கினார். ஆனால் அவரிடம் இல்லாத நாவன்மையைப் பற்றியா இறைவன் கேட்டார்? அவர் கையில் இருப்பது என்ன என்றே கேட்டார். இருந்தது ஆடு மேய்க்கும் கோல். அதுவே போதுமானதாயிற்று.

“தம்பி, உன் கையில் இருப்பது என்ன?” என்று கேட்டோம். சற்று யோசித்து, “கூட்டல் கழித்தல் தெரியும் சாமி” என்றான். அதிலிருந்தே தொடங்குவோம் என்றோம். மறுநாள் பணம் கட்டினான். நாள்தோறும் ஜெபமாலைக்குப் பின் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரே ஒரு கணக்குப் போடுகிறான். சில நாள் அது தவறாகிறது. மறுநாள் அதையே மீண்டும் போடுகிறான். தேர்வு இன்னும் வரவில்லை. முடிவை நாம் அறியோம். ஆனால் சென்ற வாரம் அவன் கேளாமலே இரண்டாம் கணக்கைத் தொடங்கினான்.

பெற்றோரே, தயங்கும் பிள்ளையிடம் மலையைக் காட்டாதீர்கள், முதற்படியைக் காட்டுங்கள். அவன் அதில் கால் வைக்கையில் அருகில் நில்லுங்கள். உங்களுக்கும் அப்படி ஒரு படி காத்திருக்கக் கூடும்: எழுதாத ஒரு கடிதம், தட்டாத ஒரு கதவு, சொல்லாத ஒரு மன்னிப்பு. இன்றிரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் அதை இறைவனிடம் சொல்லுங்கள். நாளைக் காலையில் ஓர் அடி வையுங்கள். கால் நடுங்கினால் நடுங்கட்டும். நடுங்கும் காலும் நடக்கும்.