அவள் பெண்ணுக்கு யார் விசாரிப்பது?

பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் நம் வீடுகளில் டெலிபோனுக்கு ஓய்வே கிடையாது. மாமாவுக்குத் தெரிந்த புரொபசர், எதிர் வீட்டுக்காரரின் மைத்துனர், அத்தை பிள்ளை படித்த காலேஜ் என்று நாலு இடத்தில் விசாரித்து, நம் குழந்தையின் எதிர்காலத்தை ஒருவாறு தீர்மானித்து விடுகிறோம். இல்லையா, சகோதரிகளே?

அதே நாளில், அடுத்த தெருவில், கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பெண்ணும் பாஸ் செய்திருப்பாள். அவளுக்காக யார் யாரிடம் விசாரிக்கிறார்கள்?

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் சென்ற வருஷம் ஒரு நாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக் கொண்டே கேட்டார்: "பொண்ணு பத்தாவது பாஸ் பண்ணிட்டாம்மா. மேல இன்னா படிக்க வைக்கிறது?"

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "தையல் கத்துக்கட்டுமே! வீட்டோட இருந்தபடியே நாலு காசு பார்க்கலாம்" என்றேன்.

சமையலறை வாசலில் நின்ற பெண் மெல்லிய குரலில், "எனக்குக் கரண்ட் வேலைதான் அக்கா பிடிக்கும். எலெக்ட்ரீஷியன் படிப்புல பொண்ணுங்களைச் சேத்துக்குவாங்களா?" என்று கேட்டாள்.

"சும்மா இருடி! அது ஆம்பள வேலை. நான்தான் கை தேயப் பாடுபடறேன், நீயாவது நாற்காலியில உக்காரு" என்று அதட்டினார் தாயார்.

எனக்குச் சுருக்கென்றது. காலேஜில் படித்து, பத்திரிகையில் எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை தெரியவில்லை. அதுகூடப் போகட்டும். என் அக்கா பெண் பத்தாவது பாஸ் செய்திருந்தால், "தையல் கற்றுக்கொள்" என்று சொல்லியிருப்பேனா?

தாயாரின் பயமும் அர்த்தமற்றதல்ல. தலைமுறை தலைமுறையாகக் கையால் உழைத்தவர்களுக்குத் தொழிற்கல்வி என்றாலே, 'நீ இருக்கிற இடத்திலேயே இரு' என்று சொல்வது போல் படுகிறது. 1953-ல் சென்னை ராஜ்யத்துக் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. 'குலக் கல்வி' என்று பலத்த எதிர்ப்புக் கிளம்பி, மறு வருஷமே அது கைவிடப்பட்டது. அப்பன் தொழிலோடு பிள்ளையைக் கட்டிப் போடுவது ஒன்று. அப்பன் தொட்டே பார்த்திராத தொழிலைப் பிள்ளைக்குத் திறந்து விடுவது வேறொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது எடுத்துச் சொன்னால்தானே தெரியும்?

ஆகவே நானே புறப்பட்டுப் போய் விசாரித்தேன். கேட்டுக்கொண்டு வந்ததைச் சொல்கிறேன்.

அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களை 'ஐ.டி.ஐ.' என்கிறோம். எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர், டர்னர் முதலியவற்றுக்குப் பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும். படிப்பு இரண்டு வருஷம். வெல்டர் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாவது போதும். வெல்டருக்கு ஒரே வருஷம். கிண்டியில் பெண்களுக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. மற்ற நிலையங்களிலும் பெண்களுக்கு இடம் உண்டு. இன்னொரு விசேஷம்: பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. கல்யாணமாகிக் குழந்தை பெற்றவளும் சேரலாம்.

அரசினர் நிலையத்தில் படிப்புக்குச் சம்பளம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித் தொகை, பஸ் பாஸ், சீருடை என்று சலுகைகள் உண்டு. இது தவிர, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேலே படித்தால் மாதம் 1,000 ரூபாய் என்று 2022 செப்டம்பரில் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டத்தில் ஐ.டி.ஐ. படிப்பையும் சேர்த்தார்கள். சலுகைகள் வருஷத்துக்கு வருஷம் மாறக் கூடும். சேரும்போது நேரில் கேட்டுக் கொள்வது நல்லது.

நாற்காலி கேட்ட தாயாருக்கான பதில் இனிமேல்தான் வருகிறது. ஐ.டி.ஐ. என்பது முட்டுச் சந்து அல்ல. இரண்டு வருஷப் படிப்பை முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம். அங்கே டிப்ளமோ வாங்கினால் என்ஜினீயரிங் காலேஜிலும் நேரே இரண்டாம் வருஷம். நடுவில் எந்தப் படியில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். பிளஸ் டூ முடித்துவிட்டு வழி தெரியாமல் வீட்டில் உட்காரும் பெண்ணுக்கு அது இல்லையே!

கரண்ட் வேலை ஆம்பளை வேலைதானா? அதற்கும் கிண்டியிலேயே பதில் இருக்கிறது. லலிதா என்ற சென்னைப் பெண்ணுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில், கையில் நாலு மாதக் குழந்தையோடு விதவையானார். அப்புறம் கிண்டி என்ஜினீயரிங் காலேஜில் சேர்ந்து, 1943-ல் மின் பொறியியலில் தேறினார். சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலில் திருத்திக் கொடுக்க வேண்டியிருந்ததாம்! பிற்பாடு பக்ரா நங்கல் அணையின் மின் வேலையிலும் அவர் பங்கு கொண்டார்.

ஒன்றைக் கவனியுங்கள். லலிதாவின் தகப்பனார் அதே காலேஜில் புரொபசர். எங்கே கேட்பது, யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரியும், மகளுக்காகக் கேட்டார். லலிதாவின் தைரியமும் புத்தியும் கார்ப்பரேஷன் பள்ளிப் பெண்ணுக்கும் இருக்கலாம். ஆனால் விசாரித்துச் சொல்ல ஒரு தகப்பனார்தான் இருப்பதில்லை.

அந்த இடத்தில் நாம் ஏன் நிற்கக் கூடாது? பணம் கொடுக்கச் சொல்லவில்லை. ரிசல்ட் வந்ததும் பக்கத்து ஐ.டி.ஐ.யில் கடைசித் தேதியை விசாரியுங்கள். மனுவை நிரப்பக் கூட இருங்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அரை நாள் வேலைதான்; அதைச் செய்ய ஆளில்லாமல்தான் எத்தனையோ பெண்களின் வருஷம் வீணாகிறது.

எங்கள் வீட்டுக்கு வரும் பெண் எலெக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்துவிட்டாள். தாயாருக்கு இன்னும் அரை மனசுதான். "அந்தப் பாலிடெக்னிக்கு எப்போம்மா?" என்று மாதம் ஒரு தடவையாவது கேட்டுவிடுகிறார். கேட்கட்டும். நாற்காலியை அவர் மறக்கவில்லை. நானும் மறக்கக் கூடாது.

உங்கள் வீட்டுச் சமையலறை வாசலிலும் அப்படி ஒரு பெண் நிற்கலாம். "உனக்கு என்ன படிக்க ஆசை?" என்று முதலில் கேளுங்கள்; யோசனையை அப்புறம் சொல்லுங்கள். நான் அதை மாற்றிச் செய்தேன்.